ஓர் இரவோடு முடிந்துவிட்டதா ஸ்மால்ஸின் கதை?



ராபர்ட் ஸ்மால்ஸ் என்றதும் எல்லோரும் ஓர் இரவைத்தான் பேசுகிறார்கள். 1862 மே 13, அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலம், சார்ல்ஸ்டன் துறைமுகம். தெற்கத்திய அடிமை அரசின் ‘பிளாண்டர்’ கப்பலில் சுக்கான் பிடித்தவர், 23 வயதுக் கறுப்பின அடிமை. வெள்ளை அதிகாரிகள் கரையிறங்கிப் போயிருந்த நேரம் பார்த்து, மனைவி மக்களையும் கூட்டாளிகளின் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டார். கேப்டனின் தொப்பியைத் தலையில் வைத்தார். சம்ட்டர் கோட்டைக்குக் கொடுக்க வேண்டிய சங்கொலியைப் பிசகாமல் கொடுத்தார். விடிவதற்குள் கோட்டையைத் தாண்டி, கப்பலை வடக்கின் கடற்படையிடம் ஒப்படைத்தார். மகத்தான வீரம். நானும் கைதட்டுகிறேன்.

ஆனால், அதற்குப் பிறகு ஏறக்குறைய 53 ஆண்டுகள் அந்த மனிதர் வாழ்ந்தாரே, அதை ஏன் விழுங்குகிறீர்கள்? சாகசத்தைப் பாடினால் யாருக்கும் வலிக்காது. ஊர் திரும்பி அவர் செய்ததைச் சொன்னால் வலிக்கும். வலிக்கட்டும்!

தென் கரோலினாவின் பியூஃபர்ட் ஊரில், எந்த வீட்டின் கொல்லைப்புறத்தில் அடிமையாகப் பிறந்தாரோ, அந்த வீட்டையே வரிபாக்கி ஏலத்தில் வாங்கினார். முந்தைய உரிமையாளர் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் வரை போய், வீடு ஸ்மால்ஸுக்கே என்று தீர்ப்பானது. வளர்ந்து ஆளான பிறகே எழுத்துக் கற்றவர் அவர். 1868இல் மாநில அரசமைப்பை எழுதும் அவையில் உட்கார்ந்து, எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசப் பள்ளி வேண்டும் என்று போராடினார். வெள்ளைக் குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான் தோழர்களே! பிறகு ஐந்து முறை அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நாடு என்ன கைம்மாறு செய்தது? 1863இல் சார்ல்ஸ்டன் மீது வடக்கு நடத்திய தாக்குதலில் ‘கியோகக்’ இரும்புக் கவசக் கப்பலைச் செலுத்தினார். ஏறத்தாழ 90 குண்டுகள் பாய்ந்து, மறுநாள் அது மூழ்கியது. அன்றைக்கு அவரிடம் நியமன ஆணை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கடற்படை ஓய்வூதியம் என்று வந்தபோது மட்டும் கேட்டார்கள்! 1897இல் தனிச்சட்டம் போட்டு மாதம் 30 டாலர் தருவதற்குள் அவருக்கு வயது அறுபதை நெருங்கிவிட்டது.

அதைவிடக் கொடியது 1895. கறுப்பினத்தார் பெரும்பான்மையாக வாழ்ந்த தென் கரோலினா மாநிலத்தில், புதிய அரசமைப்பு எழுதக் கூடியவர்கள் ஏறத்தாழ 160 பேர். அதில் கறுப்பினத்தார் ஆறே பேர். எழுத்தறிவுச் சோதனை, தலைவரி, 300 டாலர் சொத்து என்று முள்வேலி போட்டு, வாக்குரிமையைப் பிடுங்கினார்கள். எண்ணிக்கையில் தோற்போம் என்று தெரிந்தே ஸ்மால்ஸ் எழுந்து வாதாடினார். அந்த ஆவணத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். பறிபோன அந்த வாக்கு 1965இன் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை முழுமையாகத் திரும்பவில்லை. ஸ்மால்ஸோ 1915லேயே மறைந்துவிட்டார்.

அடிமை அரசின் போர்வெற்றியை நினைவூட்டும் பெயரைத் தாங்கி நின்ற ஒரு போர்க்கப்பலுக்கு, 2023இல் அமெரிக்கக் கடற்படை அவர் பெயரைச் சூட்டியது. வரவேற்கிறேன். ஆனால், இனி அவரைப் பற்றி மேடையேறுகிறவர் யாராயிருந்தாலும், 1895ஐச் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும்!