வகுப்பறைக்குள் வந்த அரங்கு: கொவன்றி நகரின் அனுபவமும் தமிழ்ப் பாடசாலைகளும்

(பிரித்தானியாவில் இயங்கும் தமிழ்ப் பாடசாலைகளின் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கலந்துகொண்ட ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் அமைந்துள்ள கொவன்றி நகரம், 1940ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி இரவு யேர்மனிய விமானங்களின் குண்டுவீச்சினால் சின்னாபின்னமாக்கப்பட்டது. ஒரே இரவில் ஐந்நூறுக்கும் அதிகமான மக்கள் உயிரிழந்தனர். நகரின் பழம்பெரும் தேவாலயம் எரிந்து சுவர்கள் மட்டுமே எஞ்சின. போர் முடிந்து நகரைக் கட்டியெழுப்ப முற்பட்டபோது, வீடுகளுக்கும் வீதிகளுக்கும் இடையில் ஒரு நாடக அரங்கும் வேண்டும் என்று மாநகரசபை தீர்மானித்தது. அப்போதும் இது வீண்செலவு என்று முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள். எல்லா ஊர்களிலும் அத்தகையோர் இருக்கிறார்கள். ஆயினும் அரங்கு எழுந்தது. யுகோஸ்லாவியாவின் பெல்கிறேட் நகரம், தானும் குண்டுவீச்சினால் அழிந்த நகரம் என்ற வகையில், மரப்பலகைகளை அன்பளிப்பாக அனுப்பியது. அந்த நன்றியின் அடையாளமாகவே 1958ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் திகதி திறக்கப்பட்ட அந்த அரங்கிற்கு பெல்கிறேட் அரங்கு என்று பெயர் சூட்டப்பட்டது. மரம் தந்த நாடு இன்று உலக வரைபடத்தில் இல்லை. பெயர் மட்டும் கொவன்றியில் நிலைத்திருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பிரித்தானியாவில் புதிதாகக் கட்டப்பட்ட முதலாவது நகரசபை அரங்கு இதுவே. ஆர்னல்ட் வெஸ்கர் என்ற நாடகாசிரியரின் முக்கியமான மூன்று நாடகங்கள் 1958 முதல் 1960 வரையான காலத்தில் இங்கேயே முதன்முதலாக மேடையேறின. அவை இலண்டன் கிழக்குப் பகுதியின் யூதத் தொழிலாளர் குடும்பம் ஒன்றையும் அதனைச் சூழ்ந்தவர்களையும் பற்றியவை. நாடக வரலாற்று நூல்கள் இந்த அரங்கைப் பெரும்பாலும் இதற்காகவே குறிப்பிடுவதுண்டு. ஆனால் இன்றைய அவைக்கு அதனைவிட முக்கியமானது 1965ஆம் ஆண்டு அங்கு தொடங்கப்பட்ட வேறொரு பணியாகும்.

கொவன்றி அக்காலத்தில் கார் தொழிற்சாலைகளின் நகரம். தொழிற்சாலையில் உழைத்துக் களைத்துத் திரும்பும் ஒரு குடும்பம், நுழைவுச்சீட்டு வாங்கி, நல்லாடை உடுத்தி, நாடகம் பார்க்க வரும் என்று எதிர்பார்ப்பது எளிதன்று. மக்களின் வரிப்பணத்தில் கட்டப்பட்ட கட்டடத்திற்குள் அம்மக்களில் பெரும்பகுதியினர் கால்வைப்பதில்லை என்றால், அது யாருக்கான அரங்கு? இக்கேள்விக்கு விடையாகவே, கோர்டன் வலின்ஸ் என்பவரின் முன்முயற்சியில், ‘கல்வியில் அரங்கு’ என்று அழைக்கப்படும் முறைமை பெல்கிறேட் அரங்கில் உருவானது. மக்கள் அரங்கிற்கு வரும்வரை காத்திராமல், அரங்கு பாடசாலைக்குச் சென்றது. இம்முறைமையின் பிறப்பிடம் கொவன்றி என்பதே அரங்கியல் ஆய்வாளர்களின் பொதுவான முடிவு.

பாடசாலைக்கு நாடகம் கொண்டுசெல்வது அதற்கு முன்னரும் நடந்ததுதான். மண்டபத்தில் நானூறு பிள்ளைகளை வரிசையாக அமர்த்தி, சேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றைச் சுருக்கி நடித்துவிட்டுப் போகும் குழுக்கள் இருந்தன. கொவன்றிக் குழுவினர் செய்தது வேறு. அவர்கள் ஒரே நேரத்தில் ஓரிரு வகுப்புப் பிள்ளைகளுடன் மட்டுமே பணியாற்றினர். குழுவில் இருந்தவர்கள் ‘நடிகர் - ஆசிரியர்’ என்று அழைக்கப்பட்டனர். நடிப்புத் திறனும் கற்பித்தல் திறனும் ஒருங்கே வேண்டப்பட்ட பணி அது. ஒரு நிகழ்ச்சியை ஆக்குவதற்கு முன் விடயத்தை ஆராய்வார்கள், வகுப்பாசிரியர்களுடன் முன்கூட்டியே கலந்துரையாடுவார்கள், நிகழ்ச்சி முடிந்த பின் வகுப்பறையில் தொடர்ந்து செய்யக்கூடிய வேலைகளுக்கான கையேட்டையும் வழங்குவார்கள். அரைநாள் அல்லது ஒரு முழுநாள் நீளும் நிகழ்ச்சியின் நடுவே பிள்ளைகள் பார்வையாளர்களாக இருப்பதை விட்டுவிட்டுக் கதைக்குள் நுழைவார்கள். அவர்கள் எடுக்கும் முடிவு கதையின் போக்கை உண்மையிலேயே பாதிக்கும். பாடசாலையிடம் கட்டணம் அறவிடப்படவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு பயன்தரும். 1970களின் முற்பகுதியில் ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்காக இக்குழு ‘பவ் வவ்’ என்ற நிகழ்ச்சியை ஆக்கியது. பிள்ளைகளை முதலில் சந்திப்பவர் ஒரு கவ்போய். சிரித்த முகம், பெரிய தொப்பி, விளையாட்டுப் பேச்சு. அவரிடம் காட்சிக்கு வைக்கப்பட்ட அமெரிக்க முதற்குடி மனிதர் ஒருவர் இருக்கிறார். தொலைக்காட்சியில் கவ்போய் படங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இயல்பாகவே தொப்பிக்காரர் பக்கம் நிற்கிறார்கள். பின்னர் அவர் அப்பால் சென்றதும், அடைபட்டிருந்த மனிதருடன் பிள்ளைகள் நேரடியாகப் பழக நேரிடுகிறது. அவர் எப்படி வாழ்ந்தார், எதை இழந்தார் என்பதை அவர் வாயாலேயே அறிகிறார்கள். கவ்போய் திரும்பி வரும்போது ஒரு சிக்கல் எழுகிறது. இருவருமே இப்போது தெரிந்தவர்கள். யார் சொல்வதை ஏற்பது? நிலத்தை இழந்தவர்களின் வரலாற்றை ஆறு வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது என்று தடுமாறும் ஒவ்வொரு பெற்றோரும் இந்த நிகழ்ச்சியின் அமைப்பைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்கலாம். இங்கு ‘அவர்கள் கெட்டவர்கள், இவர்கள் நல்லவர்கள்’ என்று எவரும் பிள்ளைக்குச் சொல்லித் தரவில்லை. பிள்ளை தான் கண்டதிலிருந்தே முடிவுக்கு வருகிறது.

மேல்வகுப்பு மாணவர்களுக்கான நிகழ்ச்சிகள் இன்னும் கடினமான விடயங்களைத் தொட்டன. டெரிக் பென்ற்லி என்ற 19 வயது இளைஞரின் வழக்கு அவற்றுள் ஒன்று. 1952ஆம் ஆண்டு குறோய்டனில் ஒரு கட்டடத்தின் கூரையில் பொலிஸ்காரர் ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்டவர் 16 வயதுடைய கிறெய்க். வயது குறைந்தவர் என்பதால் அவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்க முடியவில்லை. அவ்வேளையில் ஏற்கனவே பிடிபட்டிருந்த பென்ற்லி, 1953ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார். இவ்வழக்கை ‘எக்சாம்பிள்’ என்ற பெயரில் நாடகமாக்கி, கொவன்றிக் குழுவினர் 1970களில் பாடசாலைகளுக்கு எடுத்துச் சென்றனர். பென்ற்லியைக் குற்றவாளியெனக் கண்ட தீர்ப்பை மேன்முறையீட்டு நீதிமன்றம் இரத்துச் செய்தது 1998ஆம் ஆண்டில். அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முன்னரே, பதினைந்து வயது மாணவர்கள் அந்தத் தீர்ப்பைக் கேள்விக்கு உட்படுத்த வகுப்பறையில் இடம் கிடைத்திருந்தது.

இம்முறைமைக்கு வலுச்சேர்த்த இருவரையும் இங்கு குறிப்பிட வேண்டும். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு யோர்க்சயரின் கம்பளி ஆலையில் வேலைக்குச் சென்ற டொரத்தி ஹீத்கோட், பின்னாளில் நியூகாசிலில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். பிள்ளைகளை அறியாதவர்களாகக் கருதாமல் ‘நிபுணர்’ என்ற பாத்திரத்தை அவர்களுக்கே வழங்கிக் கற்பிக்கும் முறையை வகுத்தவர் அவர். மற்றவர் பிரேசில் நாட்டின் ஓகுஸ்தோ போவால். பார்வையாளர் எழுந்து வந்து ஒடுக்கப்படும் பாத்திரத்தின் இடத்தில் நின்று வேறுவழி ஒன்றை நடித்துக்காட்டும் அவரது ‘மன்ற அரங்கு’ பிரித்தானியாவின் குழுக்களாலும் கைக்கொள்ளப்பட்டது.

கொவன்றிக்கு வடக்கே, மட்பாண்டத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஸ்ரோக்-ஒன்-றென்ற் நகரில் பீற்றர் சீஸ்மன் என்ற நெறியாளர் வேறொரு வழியில் சென்றார். அவரது குழுவினர் ஒலிப்பதிவுக் கருவியுடன் ஊர்மக்களிடம் சென்று, அவர்களது சொற்களைப் பதிந்து, அச்சொற்களையே நாடகமாக்கினர். எழுத்தாளரின் கற்பனைச் சொல் ஒன்றும் உள்ளே வரக்கூடாது என்பது அவர் வகுத்த விதி. 1974ஆம் ஆண்டு, மூடப்படவிருந்த ஷெல்ரன் உருக்காலையைக் காப்பாற்றப் போராடிய தொழிலாளர்களின் கதை அவ்வாறு மேடையேறியது. ஆலையில் உருக்கு உற்பத்தி 1978இல் நின்றுபோனது. நாடகத்தால் ஆலையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த மனிதர்கள் என்ன சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்பதை மட்டும் காப்பாற்ற முடிந்தது.

இனி, இதன் வீழ்ச்சியையும் பேச வேண்டும். 1988ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் தேசிய பாடத்திட்டத்தைக் கொண்டுவந்ததோடு, உள்ளூராட்சிக் கல்வித் திணைக்களங்களிடம் இருந்த நிதியின் பெரும்பகுதியைப் பாடசாலைகளிடம் நேரடியாகக் கையளித்தது. கேட்பதற்கு நல்லதாகவே தோன்றும் ஏற்பாடு. ஆனால் நகரின் எல்லாப் பாடசாலைகளுக்கும் சேர்த்து ஒரு நாடகக் குழுவைப் பேணிய பொதுப்பணம் அத்துடன் துண்டு துண்டானது. கூரை ஒழுகும் பாடசாலையின் அதிபர், கூரையைத் திருத்துவதா, நாடகக் குழுவை அழைப்பதா என்று தெரிவுசெய்யும் நிலைக்குத் தள்ளப்பட்டார். விடை யாவரும் அறிந்ததே. 1990களில் நாடெங்கும் இத்தகைய குழுக்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இம்முறைமை பிறந்த பெல்கிறேட் அரங்கிலேயே அக்குழு 1996ஆம் ஆண்டு கலைக்கப்பட்டது. பின்னர் 2002 முதல் 2011 வரை அரசின் ‘ஆக்கப் பங்காளித்துவம்’ என்ற திட்டம் கலைஞர்களைப் பாடசாலைகளுக்கு மீண்டும் அழைத்து வந்தது. ஆட்சி மாறி நிதி வெட்டப்பட்டதும் அதுவும் நின்றது. 2010இல் அறிமுகமான, பாடசாலைகளை மதிப்பிடும் அளவுகோலில் நாடகம் சேர்க்கப்படவே இல்லை. பயன் என்னவென்று எண்ணிக்கையில் காட்ட முடியாத எதுவும் வரவுசெலவுத் திட்டத்தில் முதலில் வெட்டுப்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எனினும் வேர் அழியவில்லை. பெல்கிறேட் அரங்கு பாடசாலைகளுடனும் சமூகங்களுடனும் பணியாற்றும் தனிப் பிரிவொன்றைப் பேணி வந்துள்ளது. ‘படைப்பாக்கக் கற்றல்’ என்ற பெயரில் இத்தகைய பிரிவு பிரித்தானியாவின் பெரும்பாலான பிராந்திய அரங்குகளில் உண்டு. லீட்ஸ் நகரின் அரங்கு, புகலிடம் கோரி வந்தோரை வரவேற்று அவர்களுடன் பணியாற்றியமைக்காக, 2014ஆம் ஆண்டு ‘புகலிட அரங்கு’ என்ற முதலாவது அங்கீகாரத்தைப் பெற்றது. தமிழர்கள் இத்தகைய கதவுகளைத் தட்டுவது அரிதாகவே நிகழ்கிறது என்பது வருந்தத்தக்கது.

இவையெல்லாம் தமிழர்க்கு அந்நியமானவை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978ஆம் ஆண்டு நாடக அரங்கக் கல்லூரியைத் தொடக்கியவர். பாடசாலைப் பிள்ளைகளுடன் அவர் ஆக்கிய நாடகங்கள் ஈழத்துக் கல்வி அரங்கின் அடித்தளமாக அமைந்தன. 1985இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் மேடையேறிய அவரது ‘மண் சுமந்த மேனியர்’, போர்க்கால மக்களின் துயரை அம்மக்கள் முன்னிலையிலேயே வைத்தது. பிள்ளைகளெல்லாம் வெளிநாடு சென்றுவிட, ஊரில் தனித்துப்போன பெற்றோரைப் பற்றிய ‘எந்தையும் தாயும்’ 1990களின் தொடக்கத்தில் வந்தது. அந்த நாடகம் யாரைப் பற்றியது என்பதை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. மட்டக்களப்பில் சி. மௌனகுரு சிறுவர் அரங்கிலும் கூத்தின் மீளுருவாக்கத்திலும் ஆற்றிய பணி தனியுரை ஒன்றுக்கு உரியது.

அப்படியிருக்க, புலம்பெயர் தமிழ்ப் பாடசாலைகளின் கலைவிழாக்களில் நடப்பது என்ன? வாடகை மண்டபம், ஒலிவாங்கியின் முன் வரிசையாக நிற்கும் பிள்ளைகள், ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்விக்கப்பட்ட வசனங்கள். கண்ணகி நீதி கேட்பாள். பாண்டியன் மயங்கி விழுவான். பெற்றோர் படம் பிடிப்பர். ‘தேரா மன்னா’ என்றால் என்ன பொருள் என்று அச்சிறுமியிடம் கேட்டால் அவளுக்குத் தெரிந்திருக்காது. இதற்காக உழைக்கும் ஆசிரியர்களின் அர்ப்பணிப்பைக் குறைகூறுவது நோக்கமன்று. வார இறுதியில் ஊதியமின்றி வந்து கற்பிப்பவர்கள் அவர்கள். ஆனால் அதே உழைப்பில் ஒரு பகுதியை வேறுவழியில் செலவிட்டால் கிடைக்கும் பயன் பெரிது. பாண்டியன் அவையை வகுப்பறையிலேயே அமைத்து, பிள்ளைகளை அமைச்சர்களாக அமர்த்தி, ஆசிரியரே கண்ணகியாக வந்து சிலம்பை நீட்டட்டும். ‘அரசரிடம் என்ன சொல்லப் போகிறீர்கள்?’ என்ற கேள்விக்குத் தமிழில் விடை சொல்ல ஒரு பிள்ளை தேடும் சொல், மனப்பாடம் செய்த பத்து வசனங்களைவிட நீண்டகாலம் அவரிடம் தங்கும். சொல் கிடைக்காவிட்டால் ஆங்கிலத்தில் தொடங்கட்டும், ஆசிரியர் எடுத்துக் கொடுக்கலாம்.

ஸ்ரோக் நகரின் வழி இன்னும் அவசரமானது. 1983 யூலையை வளர்ந்தவர்களாகக் கண்டவர்கள் இன்று முதியவர்கள். 1995இன் யாழ்ப்பாண இடப்பெயர்வில் கைக்குழந்தையுடன் நடந்தவர்கள் இன்று பேரப்பிள்ளை கண்டவர்கள். 2009இன் முள்ளிவாய்க்காலைப் பற்றி வாய்திறக்காதவர்கள் பலர் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் பேச விரும்பாவிட்டால் வற்புறுத்துவது தவறு. போரின் காயத்தைக் கிளறுவதில் பயிற்சி பெற்றோரின் துணையின்றி இறங்குவதும் தவறு. ஆனால் பேரப்பிள்ளை ஒரு கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, ‘அம்மம்மா, நீங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்ட அன்றைக்கு என்ன சமைத்தீர்கள்?’ என்று கேட்பதற்குப் பெருந்திட்டம் எதுவும் வேண்டியதில்லை. அத்தகைய சிறு கேள்விக்கு அவர்கள் விடை சொல்வதுண்டு. அச்சொற்கள் மாற்றமின்றி, அவர்களது ஊர்வழக்கிலேயே, மேடைக்கு வரலாம். பதிவின் பிரதி ஒன்று பாடசாலையின் காப்பகத்திலும் இருக்க வேண்டும், உரியவரின் எழுத்துமூலச் சம்மதத்துடன்.

செய்முறையில் இரண்டு விடயங்கள். கலைகள் மன்றத்தின் நிதியைப் பெறும் பிராந்திய அரங்குகள், தமது பகுதியில் வாழும் பல்வேறு சமூகத்தினருடனும் பணியாற்றுவதைக் காட்ட வேண்டிய நிலையில் உள்ளன. ஆகவே தமிழ்ப் பாடசாலையின் சார்பில் செல்பவர் யாசகம் கேட்கச் செல்வதில்லை. அவர்கள் தேடும் பங்காளியாகவே செல்கிறார். முதற்கடிதத்தில் பணம் கேட்காமல், அரங்கின் கற்றல் பிரிவிலிருந்து ஒருவர் ஒரு சனிக்கிழமை பாடசாலைக்கு வந்து பார்க்கும்படி அழைப்பதே நல்லது. அடுத்தது, கலைவிழா முடிந்த மறுவாரமே இதனைத் தொடங்க வேண்டும். விழாவுக்கு ஆறு வாரம் இருக்கையில் தொடங்கினால், ஒத்திகை நெருக்கடியில் மீண்டும் ஒலிவாங்கியின் முன் வரிசையில் நிறுத்துவதிலேயே அது முடியும். அழைப்புக் கடிதத்தின் மாதிரி ஒன்று மண்டபத்தின் பின்புற மேசையில் வைக்கப்பட்டுள்ளது. விரும்பும் பாடசாலைகள் எடுத்துச் செல்லலாம்.