செத்தது யார் வீட்டில்? எடுப்பது யார்?

(மண்ணூர்பேட்டையில் இளைஞர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பரண்ல எலி செத்துக் கெடக்கு. தெருமுனையில நாய் செத்துக் கெடக்கு. மழை விட்ட மறுநாள் கால்வாய்ல மாடு உப்பிக் கெடக்கு. பாடி, மண்ணூர்பேட்டை, அம்பத்தூர், எங்கயும் நடக்கிறதுதான். உடனே என்ன சொல்றாங்க? 'ஆளைக் கூப்பிடு.' யார் அந்த ஆள்? அவருக்குப் பேர் கிடையாதா? அந்தச் சொல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற சாதியைப் பத்தித்தான் நான் பேசப்போறேன்.

முதலில் நாற்றத்தைப் பார்ப்போம். உயிர் போன உடம்பின் புரதத்தைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது புட்ரசின், கடாவெரின் போன்ற வேதிப்பொருட்கள் உண்டாகின்றன. அக்ரகாரத்து எலிக்கும் சேரி எலிக்கும் அதே புட்ரசின்தான். ஊதுபத்தி கொளுத்தினா போகாது. செத்ததைத் தேடி எடுக்கணும். ரப்பர் கையுறை, முகமூடி போட்டுக்கிட்டு, ப்ளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணியத் தெளிச்சு, கொஞ்ச நேரம் விட்டு, இரட்டைப் பையில கட்டி எடுக்கணும். கிடந்த இடத்தையும் அதே தண்ணியால கழுவணும். அதோட ஆசிட் கலந்துடாதீங்க, குளோரின் வாயு கிளம்பும். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க; எலி மூத்திரத்தால எலிக்காய்ச்சல் வரும். மாடுன்னா இயந்திரம் வச்சுத் தூக்கி ஆழமாப் புதைக்கணும். இவ்வளவுதான் தொழில்நுட்பம். இதில் பிறப்பு எங்கே வருகிறது?

1927 மார்ச்சில் அம்பேத்கர் தலைமையில் நடந்த மகாட் மாநாடு இதற்குப் பதில் சொன்னது. செத்த மாட்டிறைச்சியை விட்டொழியுங்கள் என்று நம் மக்களிடம் சொன்ன அதே மாநாடு, உங்கள் செத்த மாடுகளை நீங்களே புதையுங்கள் என்று சாதி இந்துக்களையும் கேட்டுக்கொண்டது. மாடு தூக்குவதை விட்டால் வருமானம் போகுமே என்று சிலர் நமக்காக உருகினார்கள். அவர்களுக்குத் தான் சொன்ன பதிலை 1956 நாக்பூர் உரையில் அம்பேத்கர் நினைவுகூர்ந்தார்: அந்த வருமானத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், மேற்கொண்டு ஐநூறு ரூபாய் நான் தருகிறேன், மாட்டை நீங்கள் தூக்குங்கள். அந்த ஐநூறை வாங்க வரிசையில யாரும் நிக்கல.

தூக்கினால் என்ன நடக்கிறது? 2016 ஜூலை 11 அன்று குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைப் பசுப் பாதுகாவலர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் காரில் கட்டிவைத்து அடித்தார்கள். தலித்துகள் செத்த மாடுகளை வண்டியில் ஏற்றி சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் போட்டார்கள். இனி தூக்கமாட்டோம் என்று உறுதியெடுத்தார்கள், நிலம் கேட்டார்கள். மறுத்தால் என்ன நடக்கிறது? அதே செப்டம்பரில் பனஸ்கந்தா மாவட்டத்தில், மாட்டை எடுக்க மறுத்த குடும்பத்தை, கர்ப்பிணிப் பெண் என்றும் பாராமல் அடித்தார்கள். தூக்கினாலும் அடி, மறுத்தாலும் அடி. அப்ப பிரச்சினை மாடு இல்ல தோழர்களே, மறுக்கிற நம்ம வாய்தான்.

நமக்கு இதெல்லாம் தூரத்துக் கதை இல்லை. 2004 சுனாமியின்போது நாகப்பட்டினத்துக்கும், 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னைக்கும், வேறு ஊர்களின் துப்புரவுத் தொழிலாளர்களை லாரியில் ஏற்றி வந்தார்கள். பெரும்பாலும் நம் ஆட்கள். ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றபோது அழுகியதை அள்ளியது அந்தக் கைகள். 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்பு, தனியார்மயம் வேண்டாம், பணி நிரந்தரம் வேண்டும் என்று தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தபோது, நள்ளிரவில் போலீசை விட்டு அவர்களையே அப்புறப்படுத்தினார்கள்.

மாணவர்கள் ஒன்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, தலித் ஒருவரைப் பிணத்தையோ செத்த பிராணியையோ அப்புறப்படுத்தவோ சுமக்கவோ வைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)-இன் கீழ் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. தலித் வீட்டு வாசலில் செத்ததைக் கொண்டுவந்து போடுவதும் குற்றம். நம் தெருவில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சட்டம் தானா நடந்து வராது; புகார் எழுதப் போகிறவர் கூட நாம போகணும்.

அதனால் நான் கேட்பது மூன்று. ஒன்று, வீட்டுக்குள் செத்ததை வீட்டுக்காரரே எடுக்கட்டும். இரண்டு, தெருவில் செத்ததை எடுப்பது மாநகராட்சியின் பொறுப்பு; அதற்கு வண்டி, இயந்திரம், கையுறை, நிரந்தர வேலை, முழுச் சம்பளம், எல்லாச் சாதியிலிருந்தும் ஆட்கள் வேண்டும். மூன்று, நம் பிள்ளைகள் யாரும் 'ஆள்' என்ற அழைப்புக்கு எழுந்து போகக் கூடாது.

நாத்தம் பொறுக்க முடியலையா? நல்லது. கையுறை கடையில விக்குது. வாங்கிப் போட்டுக்கிட்டு வரச் சொல்லுங்க.