எந்தத் தொலைவுக்கு எந்த வில்லை?

(விளாத்திகுளத்தில் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



1955ஆம் ஆண்டில் மராட்டிய நாட்டுக் குந்தல்கிரியில் ஆசாரியர் சாந்திசாகரர் சல்லேகனை ஏற்று உடல் துறந்தார். அவர்தம் கண்ணொளி குன்றியிருந்தது. காலடியில் சிற்றுயிர் ஊர்வது தெரியாதபோது துறவொழுக்கம் எங்ஙனம் நிற்கும்? இல்லறத்தாராகிய நமக்கு அத்தகைய கடுமை விதிக்கப்படவில்லை. ஆயினும் முறத்தில் உளுந்தைப் பரப்பி வண்டு பார்ப்பதற்கும், அறநூல் ஓதுவதற்கும் கண்ணே துணை. கண்புரை நம் நோன்பையே தொடுகிறது.

நம் தாத்தாமார் புரையை எடுத்தபின் சோடாபுட்டிக் கண்ணாடியுடன் தடுமாறியதை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். எட்டயபுரத்துக்கு அருகே அயன் வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர் மருத்துவர் ஜி. வெங்கடசுவாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணியும் அறுவை பயின்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992இல் தோன்றிய அதன் ஆரோலேப் நிறுவனம் உள்விழி வில்லைகளை மதுரையிலேயே செய்யத் தொடங்கியபின், அவை எளியோர்க்கும் எட்டின. நம் வட்டாரத்தார் பெருமைப்படத்தக்க செய்தி இது.

இன்று வினா வேறு: எந்த வில்லை? ஒற்றைக் குவிய வில்லை பெரும்பாலும் தொலைவுக்கே பொருத்தப்படும். படிக்கக் கண்ணாடி வேண்டும். மல்டிபோகல் எனப்படும் பன்முகக் குவிய வில்லை, வரும் ஒளியைப் பங்கிட்டு அருகுக்கும் தொலைவுக்கும் அளிக்கிறது. பலர் கண்ணாடியின்றியே நாளிதழ் படிக்கின்றனர். ஆனால் பாகம் பிரித்த நிலம் போல், ஒவ்வொரு பங்கும் சிறிது. இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவளையம் தோன்றலாம். மங்கிய வெளிச்சத்தில் பொருளும் பின்புலமும் பிரிந்து தோன்றுவது குறையும். மூளை இதற்குப் பழகச் சில மாதங்கள் ஆகலாம். சிலர்க்குப் பழகுவதே இல்லை. நீரிழிவால் விழித்திரை பழுதுற்றோர்க்கும், கண் அழுத்த நோய் முற்றியோர்க்கும் மருத்துவர் இதனைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. விலையும் மிகுதி. விலை மிகுந்தது எல்லார்க்கும் சிறந்தது என்று எண்ணுவது நம்மவரிடையே பரவிவரும் ஒரு மயக்கம்.

துறவியர் நான்கு முழம் முன்னோக்கி நடப்பர் என்பது ஈர்யா சமிதி. அது ஏறத்தாழ ஆறடி. முறமோ ஒன்றரை அடித் தொலைவு. இவ்விரண்டில் எதற்குக் கண்ணாடி அணிய இசைவோம் என்று மருத்துவரிடம் செல்லுமுன் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் துணைவியார் பன்முக வில்லையைத் தேர்ந்தார். கண்ணாடியின்றிப் பருப்பில் புழு பார்க்கிறார். இரவுப் பேருந்துப் பயணம் மட்டும் அவருக்குப் பிடிப்பதில்லை. நானோ அந்திப்பொழுதில் கரிசல் நிலத்தில் நடப்பவன். கறுப்பு மண்ணில் ஊரும் கட்டெறும்பு கறுப்பில் கறுப்பு. அதனால் இடக்கண்ணுக்கு ஒற்றைக் குவிய வில்லையே போதும் என்றேன்; படிக்கும் கண்ணாடி கழுத்தில் கயிற்றில் தொங்குகிறது. வலக்கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்துள்ளனர். அதற்கும் அதே வில்லையையே கேட்டிருக்கிறேன்.