பிக்கப் வண்டியின் தொட்டியும் துருவும்



கடற்கரைத் துறைகளிலிருந்து விடியற்காலையில் மீன்கூடைகளையும் ஐஸ் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு நகரச் சந்தைகளுக்கு விரையும் பிக்கப் வண்டிகளின் பின்தொட்டியை ஊன்றிப் பார்ப்பவர்களுக்கு, கூடைகள் உராய்ந்த நடுப்பரப்பில் துரு பெரும்பாலும் மேலோடு நின்றிருக்க, தகடும் தகடும் சேரும் ஓரங்களிலோ வர்ணம் கொப்புளித்து இரும்பு செதில் செதிலாய் உதிர்வது புலப்படும். உராய்வே வர்ணத்தின் பிரதான சத்துரு என்று கருதி வண்டிக்காரர்கள் பலர் நடுப்பரப்புக்கே மறுபூச்சுப் பூசச் சொல்கிறார்கள். பணமும் பிரயாசையும் முதலில் செல்லவேண்டிய இடம் அந்த இணைப்புகளே என்பது என் திடமான அபிப்பிராயம்.

தகடுகளை ஸ்பாட் வெல்டிங்கினால் இணைக்கும்போது அவை புள்ளி புள்ளியாக மட்டுமே பற்றிக்கொள்வதால், எஞ்சிய இடமெல்லாம் மயிரிழை இடுக்காகி, உட்புகுந்த நீர் உலர வழியின்றித் தங்கிவிடுகிறது. இடுக்கின் வாயிலில் நிற்கும் நீருக்குப் பிராணவாயு தாராளமாகக் கிடைக்க, உள்ளே தேங்கிய நீருக்கு அது கிட்டாமற்போகும் இந்தப் பேதத்தினால் நுண்ணிய மின்கலம் ஒன்று அங்கே உண்டாகி, உட்புறத்து இரும்பு கரையத் தொடங்குகிறது. உப்புநீரில் மின்சாரம் சுலபமாகப் பாயும். ஆதலால் மீன் ஏற்றும் வண்டியில் நாசமும் துரிதமாகிறது. பிறந்த துருவோ, அழிந்த இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு, வர்ணத்தைக் கீழிருந்தே உந்தி எழுப்புகிறது.

தொழிற்சாலையில் வண்டிக்கூட்டைப் பிரைமர் கரைசலில் முழுக்கி, மின்சாரம் செலுத்தி, மூலைமுடுக்குகளிலும் பூச்சுப் படியச் செய்து, இணைப்புகளில் சீலண்ட் இட்ட பின்னரே வர்ணம் அடிக்கிறார்கள். அத்தனை அடுக்குகளும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் கனந்தான். டிங்கரிங் பட்டறையில் அந்த முழுக்குக்கு வழியில்லையாதலால், கைவேலையின் சுத்தமே அங்கு சகலமும். கம்பி பிரஷாலும் உப்புத்தாளாலும் துருவை அடியோடு நீக்கி, உப்புப்போக நல்ல தண்ணீரில் கழுவி, இடுக்கின் உட்புறமும் உலர்ந்த பிறகு எண்ணெய்ப்பசையைத் துடைத்து, எபாக்சி பிரைமர் பூசி, அதன்மேல் வாகனங்களுக்கென்றே உள்ள பாலியூரித்தேன் சீலண்டை இடவேண்டும். கண்ணாடி பொருத்தும் சிலிக்கானை அங்கே இடுவது பெரும் பிழை: காடி நெடி வீசும் வகையிலிருந்து வெளிப்படும் அமிலம் இரும்பை அரிக்கும், எவ்வகைச் சிலிக்கான்மீதும் வர்ணம் ஒட்டாது. ஈரமும் துருவும் உள்ள இணைப்பின்மேல் எத்துணை உயர்ந்த சீலண்டை அப்பினாலும், அது நீரை உள்ளேயே சிறைப்படுத்துமேயன்றி வேறு பயன் தராது.

தொட்டியின் அடியிலுள்ள வடிதுளைகளைச் சீலண்ட் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். ரப்பர் விரிப்புப் போட்டிருப்பவர்கள், சரக்கு இறக்கியதும் அதை எடுத்துவிட்டு, இணைப்புகளில் நல்ல தண்ணீர் பாயும்படி கழுவி, பின்கதவைத் திறந்தபடி வண்டியைச் சற்றுச் சரிவாக நிறுத்தினால், நீர் முழுவதும் வடிந்து தொட்டி உலரும். அதன் பிறகு விரிப்பைப் போட்டுக்கொள்ளலாம்.