மருந்தின் நான்காம் கூறு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், தரமணியில் ஆற்றிய உரை)

 

பத்தாண்டு நிறைவு விழாவில் கவிதையைப் பற்றிப் பேசுவதே மரபு. ஆயினும், எனக்கென ஒதுக்கிய இச்சிறு பொழுதில், கவிதை எழுதுகின்ற மனத்தின் நலம் குறித்துப் பேச விரும்புகிறேன். மனநலம் என்றவுடன் சென்னைவாசிகளாகிய நமக்குக் கீழ்ப்பாக்கம் நினைவுக்கு வருகிறது. பல்லாயிரவர் நோய் நீங்கி வீடு திரும்பிய ஓர் ஊரின் பெயரை நாம் வசைச்சொல்லாக வழங்கி வருகிறோம். சொல்லை ஆளும் நாமே அதைச் செய்யலாமா என்பது என் முதல் கேள்வி.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. அதன் இறுதிக் குறளில், மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறார் வள்ளுவர். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றையும் எவரும் சொல்லிவிடுவர். நான்காவதாக அவர் வைப்பது உழைச்செல்வான். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்திலிருந்து, வேளை தவறாமல் மருந்தளித்துப் பேணுபவர் அவர். அவரை மருத்துவத்திற்குப் புறம்பான உதவியாளராக வள்ளுவர் கருதவில்லை. மருத்துவத்தின் கால் பங்கு என்றே கணக்கிடுகிறார். உடல்நோய்க்குச் சொன்ன இக்கணக்கு மனநோய்க்கு இன்னும் நன்றாகப் பொருந்தும் என்பதே என் கருத்து.

நாம் கூடியிருக்கும் இத்தரமணியைப் பாருங்கள். மருத்துவர் கே.எஸ். சஞ்சீவி 1958இல் தொடங்கிய வி.எச்.எஸ். மருத்துவமனை இங்குள்ளது. உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் இங்குதான். 2000இல் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின் ஊரின் கடிகாரமே மாறியது. கடல் கடந்த நாட்டின் பகற்பொழுதுக்கு ஏற்ப, இங்கே இளைஞர் பலர் இரவெல்லாம் விழித்திருக்கின்றனர். விடியலில் அறைக்குத் திரும்பித் திரைச்சீலையை இழுத்துவிட்டு உறங்க முயல்கின்றனர். வெயிலும் உறக்கமும் பசியும் தத்தம் வேளையை இழந்தால் மனமும் தடுமாறும். மனநோய்க்கு ஆளாகக்கூடியவர்க்கு உறக்கக் கேடு நோயைத் தூண்டுவதும் உண்டு. அறுவர் தங்கும் அறையிலும் ஒருவர் தனித்திருக்க முடியும். ஒருவர் எழும் வேளையில் மற்றவர் உறங்கச் செல்கிறார் அல்லவா!

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு எனக்கு உறக்கம் குலைந்தது, உணவு கசந்தது, படிக்க எடுத்த புத்தகம் அதே பக்கத்தில் நின்றது. வட்டத்தின் மூன்று கூட்டங்களுக்கு வர இயலவில்லை. நம் மூத்த உறுப்பினர் ஒருவர் என் அறையைத் தேடி வந்தார். ஏன் எழுதவில்லை என்று அவர் கேட்கவில்லை, "சாப்பிட்டியாப்பா?" என்றுதான் கேட்டார். மறுநாள் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, வெளியே பெஞ்சில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தார். இது மனச்சோர்வு நோய், குணமாகும் என்றார் மருத்துவர். மருந்து எழுதித் தந்து, பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், இடையில் நிறுத்தக்கூடாது என்றும் சொன்னார்.

நண்பர்களே, அந்தச் சில வாரங்களைத்தான் நான் உங்கள்முன் வைக்கிறேன். மருத்துவரைப் பார்த்தாயிற்று, மருந்தும் கையில் இருக்கிறது, மனமோ இன்னும் தேறவில்லை. பயனில்லை என்று பலர் மருந்தை விட்டுவிடும் காலம் அதுவே. அக்காலத்தைக் கடத்திவிடுவது உழைச்செல்வானின் வேலை. அதற்குப் புலமை வேண்டியதில்லை. மாலையில் வந்து கதவைத் தட்டினால் போதும்.

அருகிருக்க எவரும் இல்லாதபோது நேர்ந்ததையும் நாம் அறிவோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பற்றி 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் அவர்களால் ஓட முடியவில்லை. மனிதர் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு இருந்தது.

கவிஞர்களாகிய நமக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. 'ழ' இதழை நடத்திய ஆத்மாநாம் 1951இல் பிறந்தவர். மனநோயோடு போராடி 1984இல், 33ஆம் வயதில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அம்முடிவை அவர் கவிதைக்கு மகுடமாகச் சூட்டுவோர் இன்றும் உளர். நோய் நமக்குக் கவிதை தரவில்லை. அவர் 40 வயதிலும் 60 வயதிலும் எழுதியிருக்கக்கூடிய கவிதைகளை அது பறித்துக்கொண்டது. துயரம் கவிதைக்குப் பொருளாகலாம். நோய் மருத்துவத்துக்கு உரியது. இவ்விரண்டையும் குழப்பினால், நம்மிடையே நலிந்திருக்கும் இளங்கவிஞன் நோயையே தகுதியெனக் கொள்வான். கோபிகிருஷ்ணன் வேறு வழி காட்டினார். மனநலமற்றோர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டு, 'உள்ளேயிருந்து சில குரல்கள்' எழுதினார். எழுத்தாளரும் உழைச்செல்வானாக இருக்க முடியும்.

ஆத்மாநாம் மறைந்த அதே 1984இல்தான் மருத்துவர் சாரதா மேனன் சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சினேகாவைத் தொடங்கினார். அங்குள்ள தொண்டர்கள், வாழ்வை வெறுத்தோரின் பேச்சைக் கேட்பதையே பணியாகக் கொண்டவர்கள். மனநலச் சிகிச்சையை ஓர் உரிமை என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம். 2022 முதல் 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம். வாசல்கள் திறந்திருக்கின்றன, வாசல்வரை உடன்வர ஆள் வேண்டும்.

ஆகவே பத்தாண்டு கண்ட நம் வட்டத்தின்முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். கூட்டத்தின் வருகைப் பதிவேட்டில் வந்தவர் பெயரை எழுதுகிறோம். இனி வராதவர் பெயரையும் வாசிப்போம். இருமுறை வராதவரை மூன்றாம் கூட்டத்துக்குமுன் ஒருவர் நேரில் சென்று காண்போம். மேடையிலும் மலரிலும் தற்கொலையைப் புகழ்ந்து ஒரு வரியும் இடம்பெறாதிருக்கட்டும்.

இவற்றுக்கு நிதி வேண்டியதில்லை. நேரம் மட்டும் வேண்டும். என்பொருட்டு அந்நேரத்தை ஒருவர் தந்ததால்தான் இன்று இவ்வவையில் நிற்கிறேன்.