நம் மாணாக்கரும் இணைய நூற்சாலைகளும்

(பழையசீவரத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், உயர்நிலைப் பள்ளியிற் பயிலும் நம் பிள்ளைகள் கட்டுரையும் செயல்திட்டமும் எழுதுவதற்கு இணையத்தில் நல்ல ஆதாரங்களைத் தேடிக்கொள்வது எங்ஙனம் என்பதாகும். இவ்விஷயத்தை யாமாக விரும்பி எடுத்துக்கொண்டோமில்லை. எமக்கு நேர்ந்த ஒரு சங்கடமே இதனைப் பேசும்படி செய்தது.

நம் சங்கத்தார் இவ்வாண்டு 'எங்கள் ஊரும் ஆறும்' என்னும் பொருள்பற்றிக் கட்டுரைப் பரிசு ஒன்று ஏற்படுத்தியதை நீங்கள் அறிவீர்கள். ஏழு கட்டுரைகள் வந்தன. அவற்றைப் பரிசீலிக்கும் பொறுப்பு எம்மைச் சார்ந்தது. முதற் கட்டுரையைப் படித்து மகிழ்ந்தோம். இரண்டாவதைப் படிக்கையில் ஐயுற்றோம். ஏழையும் படித்து முடித்தபொழுது வருந்தினோம். ஆற்றுக்கு அக்கரையில் நம் கண்ணெதிரே நிற்கும் திருமுக்கூடல் ஆலயத்துக் கல்வெட்டைப் பற்றி எழுதுங்கால், ஏழு பேரும் அதனை இராசேந்திர சோழன் வெட்டுவித்தான் என்றும், அதிற் கூறப்படும் ஆதுலசாலையே உலகத்தின் முதல் மருத்துவமனை என்றும், ஒரே வாக்கியத்தால், ஒரே எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தார்கள். பரிசை நிறுத்தி வைத்தோம். அதனால் ஏழு குடும்பத்தாருக்கும் எம்மேல் மனத்தாங்கல். ஒரு தாயார் எம் வீட்டு வாயிலில் நின்று, "பிள்ளை கடையிற் காசு கொடுத்து அச்செடுத்து வந்தானே, அது பிழையாகுமா ஐயா?" என்று கேட்டார். அவருக்கு உடனே விடையிறுக்க எம்மால் இயலவில்லை. எங்கே தேடுவது, எதனை நம்புவது என்று ஒரு சொல்லும் சொல்லாமல் பரிசை மட்டும் அறிவித்தது எம் குற்றமேயாகும். இப்பிரசங்கம் அத்தாயாருக்கு யாம் காலந்தாழ்த்துச் சொல்லும் விடையென்று கொள்க.

முதலில் அப்பிழையையே எடுத்துக்கொள்வோம். திருமுக்கூடற் கல்வெட்டு வீரராசேந்திரன் காலத்தது. அவன் முதலாம் இராசேந்திரனுடைய குமாரன். 1063 முதல் 1070 வரை அரசாண்டவன். தந்தையோ 1044-லேயே மறைந்தவன். அக்கல்வெட்டில் மாணாக்கர் விடுதியும், பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையும், அங்கே வைத்திருந்த மருந்துகளின் பெயர்களும் கூறப்பட்டுள்ளன. இஃது நமக்குப் பெருமையே. ஆயினும் உலகத்தின் முதல் மருத்துவமனை என்பது பொருந்தாது. இலங்கையில் மிகிந்தலையில் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மருத்துவமனையின் இடிபாடுகளை இன்றும் காணலாம். உள்ள பெருமை போதாதென்று இல்லாததைச் சேர்ப்பவர், உள்ளதையும் பிறர் ஐயுறும்படி செய்துவிடுகின்றார்.

இவ்வுண்மையை ஒரு மாணாக்கன் எங்கே காண்பான்? அக்கல்வெட்டின் மூலமும் மொழிபெயர்ப்பும் 'எபிகிராபியா இண்டிகா' 21-ஆம் தொகுதியில் வெளியாகியிருக்கின்றன. இத்தொகுதிகளைப் பார்க்க முற்காலத்தில் சென்னைக்கு ரயிலேறிக் கன்னிமாரா நூலகம் செல்ல வேண்டும். இன்றோ, அமெரிக்க தேசத்தில் 1996-ல் தொடங்கிய 'இண்டர்நெட் ஆர்க்கைவ்' என்னும் இணைய நூற்சாலையில் அவற்றின் பக்கங்களை ஒளிப்படமாக எடுத்து வைத்திருக்கின்றார்கள். காசு கேட்பதில்லை. தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தார் நடத்தும் தமிழ் மின்நூலகம் இருக்கின்றது. பழைய அச்சு நூல்களும், பத்திரிகைகளும், சுவடிகளும் அங்கே உண்டு. இலக்கிய மூலங்களுக்கு 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்'. ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்'. சொற்பொருள் காணச் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்ஸிகனை அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தார் இணையத்தில் ஏற்றியிருக்கின்றார்கள். நம் அகராதிக்கு நாம் சிகாகோவின் வாயிலில் நிற்க வேண்டியிருப்பது ஒரு வேடிக்கைதான். என்றாலும் கதவு திறந்திருக்கின்றது, அதுவே நமக்கு வேண்டியது.

பெயர்களை மட்டும் சொல்லிவிட்டால் போதாது. தேடும் முறையும் தெரிதல் வேண்டும். நம் பிள்ளைகள் பலர் ஊர்ப்பெயரை ஒரு விதமாக எழுதித் தேடிவிட்டு, 'ஒன்றுமில்லை' என்று எழுந்துவிடுகின்றார்கள். நம் ஊர்ப்பெயரிலுள்ள ழகரத்தை ஆங்கிலத்தில் இக்காலத்தார் 'இஸட், எச்' என்னும் இரண்டெழுத்தால் எழுதுகின்றனர். முற்காலத்து உத்தியோகஸ்தர்களோ ஒற்றை 'எல்' எழுத்தால் எழுதிவிட்டனர். காஞ்சிபுரம் அவர்களுக்குக் 'கஞ்சீவரம்', செங்கற்பட்டு 'சிங்கிள்புட்'. மேலும், காஞ்சிபுரம் என்னும் மாவட்டம் ஏற்பட்டதே 1997-ல்தான். அதற்கு முன் எழுதப்பட்டவற்றில் நம் ஊரைச் செங்கற்பட்டு ஜில்லாவில்தான் தேட வேண்டும். 1879-ல் குரோல் துரை வெளியிட்ட செங்கற்பட்டு ஜில்லா மானுவலைக் 'காஞ்சிபுரம்' என்று தேடினால் எங்ஙனம் அகப்படும்? ஆகையால் தேடுமுன் ஒரு தாளில் ஊருக்கும் ஆற்றுக்கும் உள்ள பெயர் வேறுபாடுகள் அனைத்தையும் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தேடுதல் வேண்டும். பழைய தமிழ் நூல்களின் ஒளிப்படப் பக்கங்களிற் பெரும்பாலானவற்றில் சொல்லைத் தட்டித் தேட இயலாது என்பதையும் அறிக. பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்கம் புரட்டியே ஆகவேண்டும். இது சற்றுப் பொறுமை வேண்டும் வேலை. பொறுமையைக் கற்பிக்கும் யந்திரம் இன்னும் வரவில்லை!

விக்கிப்பீடியாவைத் தொடவே கூடாதென்று சில ஆசிரியர்கள் கண்டிக்கின்றனர். யாம் அவ்வாறு சொல்லோம். 2003 முதல் நடந்துவரும் தமிழ் விக்கிப்பீடியாவிலும் ஆங்கிலத்ததிலும் கட்டுரையின் கீழே அடிக்குறிப்புகள் இருக்கும். மாணாக்கன் கட்டுரையைப் படித்துவிட்டு அவ்வடிக்குறிப்பிற் கண்ட நூலைத் தேடிச் செல்லட்டும். அடிக்குறிப்பில்லாத வாக்கியத்தை எடுத்தாள வேண்டா. வினவிய மாத்திரத்தில் விடையெழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு யந்திரங்களையும் இப்பொழுது பிள்ளைகள் நாடுகின்றார்கள். அவை தேடுவதற்கு வழி சொல்லக்கூடும். ஆயின் சில வேளைகளில் இல்லாத நூலுக்குப் பெயரிட்டு, இல்லாத பக்கத்துக்கு எண்ணும் கொடுத்துவிடும். அவை காட்டும் நூலைத் திறந்து கண்ணாற் கண்ட பின்னரே எழுதத் தகும்.

ஆற்றைப் பற்றி எழுத விரும்புவோருக்கு ஒரு சொல். பாலாறு கர்நாடகத்து நந்தி மலைப்பக்கம் தோன்றி ஏறக்குறைய 348 கிலோமீட்டர் ஓடுகின்றது. அதில் 222 கிலோமீட்டர் நம் மாநிலத்தில். செய்யாறும் வேகவதியும் அதனோடு கூடுமிடம் நம் ஊர்த்துறை. ஆற்றுநீரைப் பற்றிய வழக்குகளின் வேர் 1892-ல் சென்னை ராஜதானியும் மைசூர் ஸம்ஸ்தானமும் செய்துகொண்ட உடன்படிக்கையில் இருக்கின்றது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தார் மாவட்ட அறிக்கைகளை இணையத்தில் வெளியிட்டிருக்கின்றனர். 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின் மாவட்டக் கையேட்டில் கிராமந்தோறும் கணக்கு உண்டு. பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் 'சோத்கங்கா' என்னும் தளத்திற் காணலாம். இவற்றையெல்லாம் பார்த்த பிள்ளை, தன் வீட்டுக் கிணற்றின் ஆழத்தைத் தாத்தாவிடம் கேட்டு எழுதுவானாயின், அக்கட்டுரைக்கு ஈடான கட்டுரை எந்தக் கடையிலும் விலைக்குக் கிடையாது.

விஞ்ஞானம் பயில்வோர்க்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தாரின் 'பெட்' என்னும் பரிசோதனைப் படங்கள் உண்டு. தமிழிலும் சில இருக்கின்றன. அரசுப் பாடநூல்களில் அச்சிட்டுள்ள சதுரக் குறியைக் கைப்பேசியாற் காட்டினால் 'தீக்ஷா' தளத்தின் பாடங்கள் திறக்கும். காரக்பூர் ஐ.ஐ.டி.யார் நடத்தும் தேசிய மின்நூலகத்தையும் பார்த்துக்கொள்க.

இனி நம் சங்கத்துக் காரியம். இந்நூற்சாலைகளின் வாயிலில் நின்று 'நீ எந்தக் குலம்?' என்று கேட்பார் ஒருவருமில்லை. ஏட்டுக்கும் நூலுக்கும் நம் முன்னோர் எத்தனை திண்ணைகளில் காத்து நின்றார்கள் என்பதை வீட்டுக் கிழவிகளைக் கேட்டால் சொல்வார்கள். 1931-ல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுசென்றார்கள். அவ்வண்டி இப்பொழுது பிள்ளைகளின் உள்ளங்கைக்கே வந்துவிட்டது. ஆனால் அந்த உள்ளங்கை பெரும்பாலும் ஆண்பிள்ளையின் உள்ளங்கையாகவே இருக்கின்றது. வந்த ஏழு கட்டுரைகளில் ஒன்றேனும் பெண்ணெழுதியதன்று. வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகின்றது. மாலையில் அண்ணன் கைக்குப் போகின்றது. தங்கையின் முறை வருமுன் விளக்கு அணைந்துவிடுகின்றது. கடைக்குப் போய்ப் பார்க்கவோ அவளை விடுவாரில்லை.

ஆகவே, சங்க மண்டபத்தின் முன்னறையில் ஒரு கணினியும் இணைய இணைப்பும் வைப்பதென்று காரியக் கமிட்டியார் முடிவு செய்திருக்கின்றனர். ஞாயிறு காலை முழுதும் பெண்பிள்ளைகளுக்கு, மாலை ஆண்பிள்ளைகளுக்கு. நம் சங்கத்துத் தாய்மார் ஒருவர் உடனிருப்பார். ஊர்ப்பிள்ளைகள் எவர் வந்தாலும் இடம் தருதல் வேண்டும் என்று யாம் சொன்னபொழுது, "சங்கப் பணத்திற் பிறர் பிள்ளைக்கா?" என்று ஒரு பெரியவர் வினவினார். மாதக் கட்டணம் பத்துப் பிள்ளைகள் பார்த்தாலும் அதுவே, இருபது பிள்ளைகள் பார்த்தாலும் அதுவே என்றோம். அவர் இன்னும் முழுதும் உடன்படவில்லை. அவரும் இக்கூட்டத்தில் இருக்கின்றார்; பேச விரும்பினால் அக்கிராசனர் உத்தரவு கொடுப்பார்.

பரிசு ரத்தாகவில்லை. அவ்வேழு பிள்ளைகளும் திருத்தி எழுதலாம். புதிதாகப் பெண்பிள்ளைகளும் எழுதலாம். ஒவ்வொரு செய்திக்கும் எந்த நூலில் எந்தப் பக்கத்திற் கண்டது என்று ஓரத்தில் குறித்தல் வேண்டும். பெரியோர் வாய்மொழியாயின் அவர் பெயரும் வயதும் எழுதுக. மாட்டுப்பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பாரிவேட்டைக்கு நம் ஊருக்கு எழுந்தருளுமுன் கட்டுரைகளைக் காரியதரிசியிடம் சேர்ப்பித்தல் வேண்டும். இம்முறை அக்கரைக்குச் சென்று அக்கல்லையும் ஒரு முறை பார்த்து வருக.