ஊர்ச் சுகாதாரமும் நம் சங்கமும்

(கள்ளக்குறிச்சியில் கூடிய சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மகாசபையில் பேச வருவோர் கல்வியைப் பற்றியும், கலியாணச் செலவைச் சுருக்குவது பற்றியும், மாணவர் உபகார நிதியைப் பற்றியும் பேசுவது வழக்கம். அவை யாவும் வேண்டியனவே. ஆயினும் எமக்கு அளித்த நேரத்தைச் சாக்கடை, கிணறு, கக்கூஸ் என்னும் மூன்றுக்கும் செலவிடத் துணிந்து வந்திருக்கின்றோம். சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்னர் இவ்விஷயத்தை எடுத்ததற்குச் சபையோர் பொறுத்தருள வேண்டும்.

தூய்மை நம்மவர்க்குப் புதிதன்று. விடியுமுன் வாசல் தெளித்துக் கோலமிடாத வீடு நம் தெருக்களில் இல்லை. குளியாமல் அடுப்படிக்குள் நுழையாத பாட்டிமார் இன்னும் நம் குடும்பங்களில் இருக்கின்றனர். ஆனால் அவ்வாசலைப் பெருக்கிய குப்பை எங்கே போகின்றது? வாசலுக்கு அப்பால், தெருவுக்கே போகின்றது. வீட்டுக் கழிநீர் தெருக்கோடியிலே தேங்கி நிற்கின்றது. வீடு நம்முடையது, தெரு ஒருவருடையதும் அன்று என்னும் எண்ணம் நம்முள் வேரூன்றிவிட்டது. நோய்க்கோ வீடும் தெருவும் ஒன்றே. வாந்திபேதியும் விஷஜுரமும் மஞ்சட்காமாலையும் ஒருவர் மலத்திலிருந்து மற்றொருவர் வாய்க்கு நீர் வழியாகவும், ஈ வழியாகவும், கழுவாத கை வழியாகவும் செல்கின்ற வியாதிகள். இந்த வழி நாகரிகமாகப் பேசக்கூடியதன்று என்பதற்காக அதைப் பேசாமல் விட்டதனால் எத்தனை உயிர்கள் போயின!

இந்நிலை நம் நாட்டுக்கே உரியது என்று எண்ண வேண்டா. லண்டன் மாநகரில் 1854ஆம் ஆண்டில் சோஹோ என்னும் பகுதியில் வாந்திபேதி கண்டு சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கெட்ட காற்றினால் நோய் வருகின்றது என்று அக்காலத்து வைத்தியர் பெரும்பாலோர் நம்பியிருந்தனர். ஜான் ஸ்னோ என்னும் வைத்தியர் மட்டும், இறந்தவர்களின் வீடு வீடாகச் சென்று, எந்தக் குழாயில் தண்ணீர் எடுத்தீர்கள் என்று விசாரித்தார். பிராட் தெருவிலிருந்த ஒரு கைப்பம்பை நோக்கியே எல்லா விடைகளும் சென்றன. அப்பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அப்பொழுது நோய்க் கிருமி இன்னதென்று அவருக்குத் தெரியாது. ராபர்ட் காக் என்னும் ஜெர்மானியர் கல்கத்தாவில் அக்கிருமியை ஆராய்ந்து உறுதி செய்தது 1884இல்தான். மாண்டவரை எண்ணி, அவர் குடித்த நீரைக் கேட்டறிந்த அளவிலேயே வழி புலப்பட்டுவிட்டது என்பதைச் சபையோர் மனத்திற் கொள்ள வேண்டும்.

எண்ணுவது என்று சொன்னோம். முதல் மகாயுத்தத்துக்கும் இரண்டாம் மகாயுத்தத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் லண்டனுக்குப் புறம்பே புதுக் குடியிருப்புகள் பல எழும்பின. அவற்றுள் பெரியது பெகன்ட்ரீ. 1921 முதல் 1935 வரை லண்டன் கவுண்டிக் கவுன்சில் அங்கே ஏறக்குறைய 26,000 வீடுகளைக் கட்டிற்று. நெருக்கடியான சந்துகளில் பல குடும்பங்களுக்கு ஒரு கக்கூஸ் என்று வாழ்ந்த தொழிலாளருக்கு வீட்டுக்குள்ளேயே கக்கூஸும் குளிக்கும் தொட்டியும் கிடைத்தன. அக்குடியிருப்பின் பெரும்பகுதி அடங்கிய டாகன்ஹாம் போன்ற வட்டாரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி உண்டு. இவ்வாண்டு எத்தனை குழந்தைகள் பிறந்தன, ஒரு வயது நிரம்பாமல் எத்தனை இறந்தன, தொண்டை அடைப்பான் எத்தனை பேருக்குக் கண்டது, எத்தனை வீடுகளில் சாக்கடை சோதிக்கப்பட்டது, பாலில் தண்ணீர் கலந்தவர் எத்தனை பேர் என்றெல்லாம் அவர் ஆண்டுதோறும் அறிக்கை எழுதி அச்சிட்டார். ரஸமான வாசிப்பு என்று சொல்வதற்கில்லை. ஆனால் தம் தெருவில் இறந்த குழந்தை அவ்வறிக்கையில் ஓர் எண்ணாக நிற்கும் என்று ஜனங்களும் அறிவர், கவுன்சிலர்களும் அறிவர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறந்தவை 1920இல் 80. 1939இல் அது 51 ஆயிற்று. பெனிசிலின் மருந்து ஜனங்களுக்குக் கிடைப்பதற்கு முன்னரே நிகழ்ந்த குறைவு இது. கூலி உயர்ந்ததும் உணவு செழித்ததும் இதற்குக் காரணமே. எனினும் நீருக்கும் பாலுக்கும் வீட்டுக்கும் உள்ள பங்கை மறுப்பாரில்லை.

நம்மை ஆண்டவர்கள் தங்கள் ஊரில் செய்ததை இங்கே செய்தார்களோ என்று இளைஞர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. செய்தது கொஞ்சம், அதுவும் காலந்தாழ்த்தி. எனினும் சென்னை மாகாணம் இவ்விஷயத்தில் பிற மாகாணங்களுக்கு முந்திக்கொண்டது என்பதை நாம் பெருமையாகச் சொல்லலாம். 1922இல் இங்கே பொதுச் சுகாதாரத்துக்கென்றே தனி இலாகா ஏற்பட்டது. ராஜாஜி மந்திரிசபை இருந்த 1939இல், டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் சுகாதார மந்திரியாக இருந்தபொழுது, இந்தியாவிலேயே முதன்முதலாக ஒரு பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. குடிநீர், சாக்கடை, கக்கூஸ், தொத்து வியாதி, தாய் சேய் நலம் இவற்றோடு, திருவிழாவுக்கும் சந்தைக்கும் என்றே ஒரு பகுதி அதில் உண்டு. இங்கிலாந்துச் சட்டத்தைப் பார்த்து எழுதியவர்களும் நம் தேர்த்திருவிழாவை மறக்கவில்லை! நகராட்சிகள் தம் வருமானத்தில் நூற்றுக்கு முப்பதுக்குக் குறையாமல் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகின்றது. 2020ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டில் ஆயிரத்துக்குப் பதின்மூன்று குழந்தைகளே ஓராண்டுக்குள் இறந்தன. இந்தியா முழுவதற்கும் அது இருபத்தெட்டு.

இனி நம் ஊருக்கு வருவோம். தென்னார்க்காட்டின் மேற்கு மூலையில் ஒரு தாலூகாவாக இருந்த கள்ளக்குறிச்சி, 2019இல் தனி மாவட்டம் ஆயிற்று. இங்கே மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. மேற்கே நிற்கும் கல்வராயன் மலையில் பெய்யும் மழையே கோமுகியாகவும் மணிமுத்தாறாகவும் இறங்கி, வயலையும் ஏரியையும் கிணற்றையும் நிரப்பிப் பின்னர் வெள்ளாற்றில் சேர்கின்றது. வெள்ளிமலைச் சரிவில் மண்ணோடு சேர்ந்த அழுக்கு கச்சிராயபாளையத்தைத் தாண்டி வருகின்றது. கள்ளக்குறிச்சியின் சாக்கடையோ கீழேயுள்ள ஊர்களுக்குப் போகின்றது. மேலே இருப்பவன் கழுவியதைக் கீழே இருப்பவன் குடிக்கின்றான் என்பது நீரின் இயல்பு. இதில் எந்தச் சாதிக்கும் தனி மேடு கிடையாது.

இதற்குச் சான்றாக ஒரு நோயைச் சொல்கின்றோம். நரம்புச் சிலந்தி என்னும் பெயரை முதியோர் கேள்விப்பட்டிருப்பர். காலில் கொப்புளம் எழும்பி, அது உடைந்து, இரண்டு மூன்று அடி நீளமுள்ள நூல் போன்ற புழு வெளிவரும். அதை ஒரு குச்சியிற் சுற்றி நாளுக்குச் சிறிது சிறிதாக இழுப்பர். நடுவில் அறுந்தாலோ கால் வீங்கிப் படுக்கையில் தள்ளிவிடும். இப்புழு வந்த வழி படிக்கிணறு. புண்ணுள்ளவர் படியில் இறங்கிக் காலை நீரில் நனைத்தவுடன் புழு தன் குஞ்சுகளை நீரிலே விடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான நீர்ப்பூச்சி ஒன்று அவற்றை விழுங்கும். அந்நீரைக் குடித்தவருக்கு ஏறக்குறைய ஓராண்டு கழித்துப் புண் எழும்பும். இதற்குத் தடுப்பூசியும் இல்லை, தீர்க்கும் மருந்தும் இல்லை. படிக்கிணற்றை மூடி இறைகிணறாக்குவதும், நீரைத் துணியில் வடிகட்டுவதும், புண்ணுள்ளவர் நீரில் இறங்காதிருப்பதுமே வைத்தியம். இவ்வளவினாலேயே 1984இல் தமிழ்நாட்டை விட்டு அந்நோய் நீங்கிற்று. இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானத்தில் காணப்பட்டார். 2000இல் நாடு முழுவதும் அந்நோய் அற்றது என்று உலக சுகாதார நிறுவனம் உறுதி கூறிற்று. இன்னார் இறங்கலாம், இன்னார் இறங்கலாகாது என்று கிணற்றுக்கு வரம்பு கட்டியிருந்த ஊர்களிலும், இறங்க உரிமை பெற்றவர் காலிலிருந்தே புழு இறங்கிற்று என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கொக்கிப் புழுவின் கதையும் இத்தகையதே. ஈரமும் நிழலுமுள்ள மண்ணில் மலம் கழிக்க, அதிலுள்ள முட்டைகள் பொரித்துச் சில நாட்களுள் புழுக்கள் வெறுங்கால் வழியே உடலுட் புகுந்து, குடலைப் பற்றி இரத்தத்தை உறிஞ்சுகின்றன. சோகை பிடித்து முகம் வெளுத்த பெண்ணைச் சோம்பேறி என்று மாமியார் ஏசுவதை எத்தனை வீடுகளிற் கேட்டிருக்கின்றோம்! பிள்ளைகளுக்கு இப்பொழுது பள்ளிக்கூடத்திலேயே பூச்சி மாத்திரை கொடுக்கின்றார்கள். ஆனால் மண்ணைக் கெடுத்துக்கொண்டே மாத்திரை தின்பதில் என்ன பயன்? கக்கூஸும் செருப்புமே தீர்வு.

இனி, யாம் சொல்ல வந்த முக்கியமான விஷயம். 2014க்குப் பின்னர்ச் சர்க்கார் பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்துக் கிராம வீடுகளில் கக்கூஸ் கட்டுவித்து வருகின்றது. அதற்குச் சொல்லப்பட்ட முறை இரட்டைக் குழி. இரண்டு சிறு குழிகளில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்குவர். ஒன்று நிரம்பியதும் அதை மூடி மற்றொன்றுக்குத் திருப்பிவிடுவர். மூடிய குழியிலுள்ளது ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் நாற்றமற்ற உலர்ந்த எருவாகிவிடும். வீட்டுக்காரரே மண்வெட்டியால் அள்ளித் தென்னைக்குப் போடலாம். செலவும் குறைவு. கிணற்றுக்கு முப்பத்தைந்து அடிக்குக் குறையாத தூரம் வேண்டும். மலைமேல் பாறை வெடிப்புள்ள இடங்களில் அழுக்கு வெடிப்பு வழியே ஊற்றுக்குப் போய்விடுமாதலின், அங்கே மண்பாங்கு பார்த்தே குழி வெட்ட வேண்டும்.

ஆனால் நம்மவர் வசதி வந்தவுடன் செய்வது என்ன? ஆள் உயரத்துக்கு மேற்பட்ட பெருந்தொட்டி ஒன்றைச் சிமிட்டியால் கட்டுகின்றனர். ஏன் இவ்வளவு பெரிது என்று கேட்டால், நம் காலத்தில் நிரம்பாது என்பர். நிரம்பினால்? அதற்கு ஆள் வருவார்கள் என்பர். அந்த ஆள் யார் என்பதை ஒருவரும் சொல்வதில்லை, எல்லோரும் அறிவர். எருவான குழியைத் தொட்டால் நம் குலத்துக்கு இழிவு என்று எண்ணி, பிறரை எருவாகாத மலத்துக்குள் இறக்குகின்றோம். அத்தொட்டியில் தேங்கும் விஷவாயு மிகுந்தால் மூக்குக்கு நாற்றமும் தெரியாமற் போகும். உள்ளே இறங்கியவர் சில மூச்சுக்குள் விழுவார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். 1993இலும் 2013இலும் இதற்குச் சட்டங்கள் வந்தன. பாதுகாப்புக் கருவியின்றி ஒருவரை மலத்தொட்டியில் இறக்குவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டேன், அவர் ஆளை இறக்கினார் என்பது விடையாகாது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு முப்பது லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டுமென 2023இல் உச்ச நீதிமன்றம் விதித்தது. பணம் கொடுக்கலாம், அப்பனைக் கொடுக்க இயலுமா?

ஒரு சாதிச் சங்கத்தில் இதைப் பேசலாமா என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகின்றது. சாதிச் சங்கத்தில்தான் பேச வேண்டும். நம் குலத்தார் நலத்துக்காக நாம் கூடியிருக்கின்றோம். அந்நலம் வேறொரு குலத்தான் உயிரைக் கூலியாகக் கேட்குமானால் அதை விசாரிக்க வேண்டியவர்களும் நாமே.

மலைமேல் வாழும் மலையாளிக் குடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் சுத்தமறியாதவர் என்று சமவெளியிற் சிலர் பேசுவதுண்டு. அம்மலைகள் மூன்று ஜாகீர்களாக இருந்து, 1976க்குப் பின்னரே சர்க்காரின் நேர் நிர்வாகத்துக்கு வந்தன. 2024 ஜூனில் இந்நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டதன் பின்னர், அடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிற்று. வாயிலுக்குத் தண்ணீர் வராத இடத்தில் கை கழுவவில்லை என்று குறை சொல்வது எளிது.

செய்யக்கூடியவற்றுள் சிலவற்றைச் சொல்லி முடிக்கின்றோம். கிணற்று நீரைக் குடிக்கும் ஊர்களில் ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் வாளியால் இறக்கிக் கலக்கி, ஒரு மணி நேரம் சென்று இறைக்க வேண்டும். பேதி கண்ட குழந்தைக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, அடிக்கடி புகட்டிக்கொண்டே வைத்தியரிடம் தூக்கிச் செல்ல வேண்டும். இவற்றைத் தாய்மார்கள் மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

நம் சங்கத்துக்குக் கலியாண மண்டபமும் மாணவர் விடுதியும் இருக்கின்றன. அவற்றின் மலத்தொட்டிகள் எங்கே இருக்கின்றன, எப்பொழுது கட்டப்பட்டன, கடைசியாக யார் எவ்வாறு சுத்தம் செய்தார் என்று குறித்து வைக்க ஒரு புத்தகம் வேண்டும். இனிமேல் கழிவகற்றும் இயந்திர வண்டியைத் தவிர வேறு முறையில் அவை சுத்தம் செய்யப்படலாகா என்று ஒரு தீர்மானத்தைச் சபையின் முன் வைக்கின்றோம். தை மாதத்து முகூர்த்தங்கள் தொடங்குமுன் இப்பணியை மேற்கொள்ள அங்கத்தினர் இருவர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் இன்று கூட்டம் கலையுமுன் காரியதரிசியிடம் பெயர் கொடுப்பார்களாக.